பனைவெட்டான்குறிச்சியின் வெற்றுத் தெருக்கள்

பனைவெட்டான்குறிச்சியின் மண்ணுக்குக் காது உண்டு. மனுசன் பேசினால் கேட்காது, ஆபீசில் எழுதினால் கேட்கும். சாலைக்குத் தெற்கே இருந்த ஒரு கிணற்றை சர்வேக்காரர் ஒருத்தர் வெயில் மயக்கத்தில் வடக்கே என்று எழுதிவிட்டுப் போக, அந்தக் கிணறு ஒரு மழைக்காலம் முழுக்க ஊர்ந்து ஊர்ந்து, தவளையும் தண்ணீருமாகச் சாலையைக் கடந்து வடக்கே போய் உட்கார்ந்துகொண்டது. தெற்கே தோட்டம் வைத்திருந்தவர் அன்றிலிருந்து குடத்தோடு சாலையைக் கடக்கிறாரே தவிர ஒரு மனு கொடுத்தாரில்லை. வாக்காளர் பட்டியலில் செத்துப்போனவராக ஏறிவிட்ட வெள்ளைப்பாண்டி, பதினோரு வருசமாகத் தன் வீட்டு விசேசங்களுக்குத் தூரத்துச் சொந்தக்காரரைப் போல வந்து, பந்தியில் ஓரமாகச் சாப்பிட்டுவிட்டு, சுவரில் தன் படத்துக்குப் போட்டிருக்கும் மாலையைச் சரிசெய்துவிட்டுப் போவார். "எழுதியாச்சு, இனி நாம என்ன சொல்ல?" என்பதுதான் அந்த ஊர்க்காரர்களின் பேச்சு. ஆகையால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பால்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, ஊரின் முப்பத்துநாலு தெருவும் ஒன்றன் வாலை ஒன்று கவ்வி ஒரே தெருவாக ஒன்பது கிலோமீட்டர் நீண்டு கிடந்ததைக் கண்டு யாரும் வாயைப் பிளக்கவில்லை. எந்த ஆபீசில், யார் எழுதினார்கள் என்று மட்டும் விசாரித்தார்கள்.

எழுதியவன் உச்சிமாகாளி. பேரூராட்சி ஆபீசில் ஒப்பந்தத்துக்கு வேலை பார்க்கிற கம்ப்யூட்டர் ஆள். ஊருக்கு வெளியே வாய்க்கால்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருந்த நாற்பது குடும்பங்களில் முதல்முதலாக டிப்ளமா முடித்தவன். அங்கேதான் அவனுடைய ஆத்தா முப்பிடாதி, பெண்டாட்டி மாரிக்கனி, ஆறு மாதப் பெண்பிள்ளை எல்லோரும் இருந்தார்கள். தெருப் பட்டியலைத் தானாகவே தயார்செய்து, தெருவுக்கு ஒரு வரியாக ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்கும் நிரல் ஒன்றை அவன் எட்டு நாள் உட்கார்ந்து தன் பழைய மடிக்கணினியில் எழுதியிருந்தான். திங்கட்கிழமை சாயங்காலம் அந்தக் கோப்பைக் கொண்டுபோய் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். செவ்வாய்க்கிழமை விடிந்தபோது ஊர் அப்படிக் கிடந்தது.

செயல் அலுவலர் ஞானதிரவியம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். அக்ரஹாரத்தில் ஆரம்பித்து அகரவரிசைப்படி வடக்குச் சந்து வரைக்கும் அத்தனை தெருப் பெயரும் இடைவெளி இல்லாமல் ஒரே வரியில் ரயில்பெட்டி மாதிரி ஓடிக்கொண்டிருந்தன.

"சார், என் மடிக்கணினியில பாருங்க. முப்பத்துநாலு வரி சுத்தமா இருக்கு" என்றான் உச்சிமாகாளி.

"அப்போ ஊரு ஒன் மடிக்கணினிக்குள்ளயாடே இருக்கு? ஊரு ஆபீஸ் கம்ப்யூட்டர்லல்லா இருக்கு!"

பக்கத்து மேசையில் இருந்த தட்டச்சர் கோமு எழுந்து வந்து எட்டிப்பார்த்தாள். தமிழிலும் இங்கிலீசிலும் ஹையர் பாஸ் பண்ணி, ஆபீஸ் தட்டச்சு மிசினைப் பரண்மேல் ஏற்றிய நாளிலிருந்து யார்மீதாவது குற்றம் கண்டுபிடிக்கக் காத்திருந்தவள் அவள். "இதுல என்ன அதிசயம் இருக்கு? மிசின்ல வரி முடிஞ்சதும் கைப்பிடியை இழுத்தா ரெண்டு காரியம் நடக்கும். உருளை ஓடி முதல்ல இருந்த எடத்துக்கு வரும், காயிதம் ஒரு படி ஏறும். ரெண்டும் நடந்தாத்தான் அடுத்த வரி. ஒன் மடிக்கணினி ஒண்ணு மட்டும் செய்யுது போல."

அது நூற்றுக்கு நூறு சரி. வரி முடிந்தது என்பதற்கு அவன் மடிக்கணினி ஒரேயொரு அடையாளம் வைக்கிற ஜாதி, 'கீழே இறங்கு' என்று. ஆபீஸ் கம்ப்யூட்டரோ 'திரும்பிப் போ, கீழே இறங்கு' என்று இரண்டு அடையாளமும் சேர்ந்து இருந்தால்தான் வரி முடிந்ததென்று ஒத்துக்கொள்ளும் ஜாதி. ஒன்று மட்டும் இருந்ததால் அது எந்தத் தெருவும் முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆபீஸ் எடுத்துக்கொள்ளாததை மண்ணும் எடுத்துக்கொள்ளவில்லை.

"அரை மணி நேரத்துல திருத்திருவேன் சார்."

"திருத்துவ. யார் சொல்லித் திருத்துவ? நான் எழுத்துல கேக்கணும். நான் கேக்கணும்னா கவுன்சில் தீர்மானம் போடணும். கவுன்சில் கூடணும்னா கவுன்சிலர்மாரு வந்து சேரணும். பதினஞ்சாம் வார்டு மெம்பர் இப்ப எட்டாவது கிலோமீட்டர்ல இருக்காரு, தெரியும்லா?"

தீர்மானம் வர நாற்பத்தெட்டு நாள் ஆயிற்று.

அந்த நாற்பத்தெட்டு நாளில் ஊர் தன்னைப் பழக்கிக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைச் சொன்னால் நீளும். கறிவேப்பிலை வாங்கப் போனவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் திரும்பினார்கள். அதனால் காலையிலேயே வடித்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். கொல்லைச் சுவருக்கு மேலே கையை நீட்டிக் குழம்பு மாற்றிக்கொண்ட அக்கா தங்கச்சிக்கு இடையில் நாலு கிலோமீட்டர் விழுந்துவிட்டதால், அக்கா கொடுத்தனுப்பிய சூடான புளிக்குழம்பு தங்கச்சி வீட்டுக்குப் பழங்குழம்பாகத்தான் வந்தது. தங்கச்சி புருசன் அதுதான் ருசி என்று சொல்லி அந்தப் பழக்கத்தை இன்றுவரை விடவில்லை. நாய்களுக்குத்தான் பெரிய சிக்கல். தெருவுக்கு ஒரு கூட்டமாக எல்லை பிரித்து வாழ்ந்த முப்பத்துநாலு நாய்க்கூட்டமும் ஒரே தெருவின் நாய்களாகிவிட்டதால், முதல் வாரம் ஓயாமல் குரைத்து, இரண்டாம் வாரம் தொண்டை கட்டி, மூன்றாம் வாரம் எல்லா எல்லைக்கும் பொதுவாக ஒரு கிழட்டுச் செவலையைத் தலைவனாக ஏற்றுக்கொண்டு அடங்கின. திருடர்கள் தொழிலை விட்டார்கள். திரும்பி ஓட ஒரு சந்து இல்லாத ஊரில் என்ன திருட்டு?

மனுசர்கள் பாடு இதைவிட வேடிக்கை. இன்ன ஆட்களின் கல்யாண ஊர்வலம் இன்ன தெரு வழியாக வரக்கூடாது, இன்ன ஆட்களின் பாடை இன்ன தெரு முக்கில் திரும்பிவிட வேண்டும் என்று மூன்று தலைமுறையாக வெட்டுக்குத்து நடந்த ஊர் அது. இப்போது இருப்பதே ஒரு தெரு. அகரவரிசை வேறு, யார் பக்கத்தில் யார் என்று பார்க்காமல் நிறுத்திவிட்டது. மறிப்பதற்கென்று ஐந்தாறு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் நின்று, எங்கே மறிப்பது என்று தெரியாமல், வந்த ஊர்வலத்தில் தாம்பூலம் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அம்மன் சப்பரம் புறப்பட்டு மூன்றாம் நாள்தான் தெருக்கடைசிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே சப்பரத்தைத் திருப்ப இடமில்லை. சுற்றி வர வேறு தெருவும் இல்லை. ஆகையால் அம்மனை அப்படியே பின்வாக்கில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒன்பது கிலோமீட்டர் தூரமும் அம்மன் தான் விட்டு வந்த வீடுகளையே பார்த்தபடி பின்னால் பின்னால் போனது, எல்லோருக்கும் கூடுதலாக ஒரு தரிசனம் ஆயிற்று.

வாய்க்கால்கரை மட்டும் அசையவில்லை. பட்டியலில் ஏறாதவர்களைப் பட்டியல் பிழை என்ன செய்யும்? முப்பிடாதி குடிசை வாசலில் நின்று ஊர் ரப்பர் மாதிரி நீண்டு கிடப்பதைப் பார்த்து, "ஏல உச்சி, ஊரையே இழுத்துப்புட்டியே, நம்மள ஒரு ஓரத்துல சேத்து இழுத்திருக்கப்படாதா?" என்றாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் தீர்மானம் கைக்கு வந்தது. வாய்க்கால் அகலப்படுத்தும் வேலைக்காக அதே வாரம் பொக்லைன் வந்து நாற்பது குடிசையையும் தட்டிவிட்டுப் போயிருந்தது. ஆத்தாவும் பெண்டாட்டியும் பிள்ளையும் பள்ளிக்கூட வராந்தாவில் பானை சட்டியோடு உட்கார்ந்திருக்கும்போது எவனுக்குப் புத்தி நிதானத்தில் இருக்கும்? உச்சிமாகாளி நிரலைத் திறந்தான்; ஒவ்வொரு தெருப் பெயருக்குப் பின்னாலும் 'திரும்பிப் போ', 'கீழே இறங்கு' என்று இரண்டு அடையாளத்தையும் தன் கையாலேயே வைத்தான்; இந்தத் தடவை மடிக்கணினியை நம்பாமல் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டான். அங்கேதான் தவறு. ஆபீஸ் கம்ப்யூட்டர் மரியாதை தெரிந்தது. 'கீழே இறங்கு' என்று யார் எழுதினாலும் அதற்கு முன்னால் 'திரும்பிப் போ' என்று தானாகவே ஒன்றைச் சேர்த்துவிடும். அவன் ஒன்று வைத்தான், அது ஒன்று வைத்தது. 'திரும்பிப் போ' இரண்டாகிவிட்டதால், ஒவ்வொரு இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு வெற்று வரி விழுந்தது.

மறுநாள் காலையில் தெருக்கள் முன்போலப் பிரிந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அதோடு ஒவ்வொரு இரண்டு தெருவுக்கும் நடுவில் யாரும் இல்லாத தெரு ஒன்று. மொத்தம் முப்பத்துமூன்று.

நல்ல அகலம், செம்மண், தண்ணீர் தெளித்துப் பெருக்கியது மாதிரி. வீடு இல்லை, விளக்குக்கம்பம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை, அதில் நடந்தால் கால்தடம்கூட விழாது. ஊர்க்காரர்கள் காலையில் பார்த்தார்கள், மத்தியானம் மிளகாய் காயப்போட்டார்கள், சாயங்காலம் மாட்டைக் கட்டினார்கள். இடத் தரகர்கள் நாடாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அளந்தார்கள். அளந்து பார்த்தால் நாடா இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நன்றாக ஓடுகிறது, எண்ணைப் பார்த்தால் பூஜ்யம். பெயர் இல்லாத தெருவுக்குப் பட்டா எழுத முடியாது, பட்டா இல்லாத இடத்தை விற்க முடியாது, விற்க முடியாத இடத்தில் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்கள்.

பட்டா இல்லாத இடத்தில் குடியிருக்கத் தெரிந்தவர்கள் ஊரில் நாற்பது குடும்பம்தான். முப்பிடாதிதான் முதல் ஆளாகப் பானையைத் தூக்கிக்கொண்டு பதினோராவது வெற்றுத் தெருவில் இறங்கினாள். "யாரும் கேட்டா என்னம்மா சொல்லுவிய?" என்று மகன் கேட்டதற்கு, "என்னத்தக் கேப்பாவ? எங்க இருக்கன்னுதான கேப்பாவ. இங்க இருக்கேன்னு சொல்லுவேன்" என்றாள். ஆளுக்குக் கொஞ்சமாகப் பரவினார்கள். கீற்று வந்தது, பிறகு ஓடு வந்தது, பிறகு முருங்கை வந்தது. நாற்பத்தெட்டு நாள் ஒரே தெருவில் வாழ்ந்து பழகிய ஊர், பக்கத்துத் தெருவில் புதுசாக யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப்பார்த்து மோர் வாங்கிக்கொண்டு போனதே தவிர, மறிக்க மறந்துவிட்டது.

ஆடி மாதம் ஒரு நாள் ஞானதிரவியம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, சட்டைக் காலரில் நூல் தொங்கினால் பிய்ப்பதுபோல, பட்டியலின் கடைசியில் இருந்த ஒரு வெற்று வரியைப் பார்த்துவிட்டு விரலால் ஒரு தட்டுத் தட்டி அழித்துவிட்டார். அந்தச் சமயம் ரைஸ்மில் தெருவுக்கும் வடக்குச் சந்துக்கும் நடுவில் இருந்த வெற்றுத் தெரு, சேலையை மடித்ததுபோலச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. நல்லவேளை, அங்கே யாரும் வீடு கட்டியிருக்கவில்லை. காயப்போட்டிருந்த இரண்டு மூட்டை வத்தலும், சாய்த்து வைத்திருந்த ஒரு சைக்கிளும், ஒரு கன்றுக்குட்டியும் போனது போனதுதான். கன்றின் தாய் இரண்டு தெருவும் முட்டும் சுவரில் மூக்கை வைத்து மூன்று நாள் கத்தியது. ஞானதிரவியம் அதன்பிறகு அந்த விரலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டுதான் ஆபீசுக்கு வந்தார்.

இதற்குப் பிறகு தெருப் பட்டியலை மாவட்ட ஆபீசுக்கு அனுப்பியபோதுதான் அங்கிருந்து ஓலை வந்தது. 'தங்கள் பேரூராட்சியில் தெருக்கள் முப்பத்துநாலு. அனுப்பிய கோப்பில் வரிகள் அறுபத்தாறு. இதில் முப்பத்திரண்டு வரிகள் காலியாக உள்ளன. காலி வரிகளை எமது கணினி ஏற்காது. வெள்ளிக்கிழமை எமது அலுவலர் நேரில் வந்து சரிபார்ப்பார்.'

திருத்துவது சுலபம். உச்சிமாகாளி தன் கையால் வைத்த ஒரு அடையாளத்தை எடுத்துவிட்டால் போதும். வரியை எப்படி முடிப்பதென்று அந்தந்த ஊர் மிசினுக்கே விட்டுவிடுவதுதான் முறை என்பது இப்போது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு எழுத்து. அதை அழித்தால் முப்பத்திரண்டு தெருவும் மூடிக்கொள்ளும், அவற்றில் நாற்பது குடும்பம் இருக்கிறது, பதினோராவதில் அவன் பிள்ளை தூளியில் தூங்குகிறது. அழிக்காவிட்டால் மாவட்டத்துக்காரர்கள் வந்து அவர்களே அழிப்பார்கள்.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவோமாடே?" என்றார் ஞானதிரவியம், துணி சுற்றிய விரலைப் பார்த்துக்கொண்டே.

"எங்க போவ சார்? வாய்க்கால்ல இப்ப பதினஞ்சடித் தண்ணி ஓடுது."

"அப்போ காலி வரியில பேரைப் போட்டுருவோம். காலியா இருந்தாத்தானே காலி வரி?"

புதன்கிழமை கவுன்சில் கூடியது. முப்பத்திரண்டு தெருவுக்குப் பெயர் வேண்டும், கவுன்சிலர்கள் பதினைந்து பேர். ஒவ்வொருவரும் தன் தாத்தா பெயரைத்தான் முதல் வெற்றுத் தெருவுக்கு வைக்க வேண்டும் என்றார். தாத்தாக்களில் இரண்டு பேர் உயிரோடிருந்த காலத்தில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டவர்கள் என்பதால் அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று வேறு ஒரு பிரச்சனை கிளம்பியது. பதினைந்தாம் வார்டு மெம்பர் தன் தாத்தாவுக்கு இரண்டு தெரு கேட்டார், தாத்தாவுக்கு இரண்டு பெண்டாட்டி என்பதால். நாற்காலி ஒன்று உடைந்தது. தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் உச்சிமாகாளி சாப்பிடாமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மாரிக்கனி தூக்குவாளியோடு ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

"என்ன, சோறு எறங்கலயா?"

"காலி வரியில என்னத்தையாவது போடணும் புள்ள. பேரு வைக்க எனக்கு அதிகாரம் கிடையாது. வெறும் எடம் விட்டு அனுப்புனா மாவட்ட மிசின் அதைத் தொடச்சி எறிஞ்சிரும்."

"கோலம் போடத் தெரியாதவ என்ன செய்வா? ஒரு புள்ளிய வச்சிட்டு உள்ள போயிருவா. வாசல் காலியா இருக்குன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாவ." தூக்குவாளியைத் திறந்து வைத்தாள். "சாப்பிடுங்க மொதல்ல."

அவன் சாப்பிடவில்லை. முதல் வெற்று வரியில் ஒரு புள்ளி வைத்தான். இரண்டாவதிலும் ஒரு புள்ளி வைத்தால் ஒரே பெயரில் இரண்டு தெரு என்று மாவட்ட மிசின் திருப்பி அனுப்பும். ஆகவே இரண்டாவதில் இரண்டு புள்ளி, மூன்றாவதில் மூன்று. அப்படியே முப்பத்திரண்டு வரைக்கும் போனான். பிறகு தன் கையால் வைத்த அந்த ஒரு அடையாளத்தை எடுத்தான்.

ஞானதிரவியம் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தீர்மானம் இல்லாம இதை எப்படிடே அனுப்ப?" என்று ஆரம்பித்தவர், தானே நிறுத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இரு, இரு. பேரு வைக்கத்தானே தீர்மானம் வேணும்? புள்ளி பேரு கெடையாதுல்லா?"

"கெடையாது சார்."

"அப்போ தீர்மானம் வேண்டாம். ஆனா வரி காலியும் கெடையாது."

"கெடையாது சார்."

"இருபத்தெட்டு வருச சர்வீஸ்ல இப்படி ஒரு ஓட்டையில்லாத ஃபைலை நான் பார்த்ததில்லைடே" என்று சொல்லி, விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

வெள்ளிக்கிழமை மாவட்டத்திலிருந்து ஒரு அம்மாள் ஜீப்பில் வந்து இறங்கினாள். கோப்பைத் தன் கணினியில் ஏற்றினாள். அறுபத்தாறு வரி, காலி ஒன்றுமில்லை, இரட்டிப்பு ஒன்றுமில்லை, வரி முடிவுகள் சுத்தம். மிசின் பச்சை காட்டியது. அந்த அம்மாள் மட்டும் பச்சை காட்டவில்லை. பெயர்களைச் சத்தமாக வாசித்துச் சரிபார்க்க வேண்டும் என்று விதி. "அக்ரஹாரம்" என்று வாசித்தாள். அடுத்த வரிக்கு வந்ததும் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஒரு புள்ளியை எப்படி வாசிப்பது? கோமு தட்டச்சு மிசினில் முற்றுப்புள்ளி அடிக்கிற தினுசில் மேசையை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். டக். அந்த அம்மாள் கோமுவைப் பார்த்தாள், பட்டியலைப் பார்த்தாள், பிறகு பேனாவின் பின்பக்கத்தால் தானும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாள். இரண்டாம் புள்ளித் தெருவுக்கு இரண்டு தட்டு. இருபதுக்கு மேல் போனபோது ஆபீஸ் முழுக்கச் சேர்ந்து தட்டியது. நகல் வாங்க வந்து வரிசையில் நின்றவர்கள் ஜன்னல் கம்பியில் தட்டினார்கள். முப்பத்திரண்டாவது முடிந்ததும் அந்த அம்மாள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேற ஊருல எல்லாம் தெருவுக்குச் சும்மா பேரைத்தான் வச்சிருக்காங்க" என்று குறையாகச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை வெற்றுத் தெருக்களில் நடந்தவர்களுக்கெல்லாம் கால்தடம் விழுந்தது. மாரிக்கனி பிள்ளையை இறக்கிவிட்டு, அது தவழ்ந்த கோடு செம்மண்ணில் பதிவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் வாசலில் நின்றாள். தபால்காரருக்குத்தான் வேலை கூடியது; ஒவ்வொரு கவரையும் வெயிலில் தூக்கிப் பிடித்து, பேனா முனையால் புள்ளியை எண்ணி எண்ணித்தான் தெருவுக்குள் நுழைந்தார். ஈ எச்சத்தால் ஒரு கல்யாணப் பத்திரிகை பதினாலிலிருந்து பதினைந்துக்குப் போய்விட்டது. பதினைந்தாம் தெருக்காரர்கள் பத்திரிகை வந்த மரியாதைக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்தார்கள்.

திங்கட்கிழமை முப்பிடாதி ரேஷன் கார்டுக்கு எழுதிக் கொடுக்க ஆபீசுக்கு வந்தாள். அறுபத்திரண்டு வயசில் அவளுக்கு முதல் விலாசம். கோமு பழக்க தோசத்தில் மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினாள், கட்டைவிரலை உருட்ட. முப்பிடாதி மைப்பெட்டியை ஒதுக்கிவைத்தாள்.

"தெருப் பேரை நானே எழுதுதேன். பேனாவத் தா."

உச்சிமாகாளி தன் இடத்திலிருந்து எழுந்து வந்து நின்றான். அவள் பேனாவை அகப்பையைப் பிடிப்பதுபோலப் பிடித்து, தெரு என்ற கட்டத்துக்குள் குனிந்து, ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்து விட்டு, புள்ளி வைத்தாள். வரிசையில் நின்றவர்கள் ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்து, "எழுதுறதுங்கது இம்புட்டுத்தானா? இதுக்கா இத்தன வருசம் பயமுறுத்துனிய?" என்றாள்.

கோமு பேனா முனையால் எண்ணினாள். "பன்னெண்டு இருக்கே அத்தே. பன்னெண்டு வள்ளிமயில் அக்கா தெருல்லா?"

வள்ளிமயிலோடு முப்பிடாதிக்கு வாய்க்கால்கரைக் காலத்திலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது, ஒரு கோழி விசயமாக.

"அவ தெருவுல போயி நான் குடியிருப்பேனா!" என்று முப்பிடாதி கட்டைவிரலை நாக்கில் தொட்டுப் பன்னிரண்டாவது புள்ளியைத் தேய்த்தாள், தேய்த்த தேய்ப்பில் காகிதம் ஓட்டையாகிவிட்டது. ஓட்டையை விரலால் மூடிப் பார்த்தாள், சரிப்படவில்லை. அந்தக் காகிதத்தைக் கசக்கி மடியில் செருகிக்கொண்டு, பேனாவை யாருக்கும் கொடுக்காமல், கையை நீட்டினாள்.

"இன்னொரு காயிதம் கொண்டா தாயி. மொதல்லேர்ந்து எழுதுதேன்."